தமிழ் வகுப்பில் கூட்டு புக்மார்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் டொராண்டோ பக்கம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பாடப்பொருளை ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே இடத்தில் சேர்த்துவைப்பது பற்றி மற்ற ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே இருக்கின்றன. சில பதில்கள் நீளம். அந்த இடங்களில்தான் நாங்கள் அதிகம் தடுமாறினோம்.

கூட்டு புக்மார்க் என்றால் என்ன? உலாவியில் இருக்கும் புக்மார்க்கிலிருந்து எப்படி வேறு?

உலாவியில் நீங்கள் நட்சத்திரத்தை அழுத்திச் சேர்ப்பது உங்களுக்கு மட்டும். அது உங்கள் கணினியிலோ கணக்கிலோ கிடக்கும். கூட்டு புக்மார்க் கருவியில் சேர்த்தால் உங்கள் குழுவுக்கோ, நீங்கள் விரும்பினால் ஊருக்கே, அது தெரியும். ஒவ்வொரு இணைப்போடும் குறிச்சொற்களும் (டேக் என்பார்கள்) ஒரு சிறு குறிப்பும் எழுதி வைக்கலாம். ஒரே பக்கத்தைப் பத்துப் பேர் சேர்த்தால் பத்துப் பேரும் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்க்க முடியும்.

நூலகத்தில் ஒரு நூலை எந்த அலமாரியில் வைப்பது என்று நூலகர் முடிவு செய்கிறார். இங்கே அதைப் புழங்குகிறவர்களே முடிவு செய்கிறார்கள். மொழி வகுப்புக்கு இது தோதாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். ஒரு பக்கத்துக்குப் பொருத்தமான பெயர் வைக்க வேண்டுமானால் அதை வாசித்திருக்க வேண்டும், புரிந்திருக்க வேண்டும், சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அது போதாதா?

அனுப்புவதற்குப் போதும், திரும்ப எடுப்பதற்குப் போதாது. போன தைப்பொங்கலுக்கு யாரோ ஒருவர் அருமையான காணொளி ஒன்று அனுப்பியிருப்பார். இந்த வருடம் அது வேண்டுமென்றால் பிறந்தநாள் வாழ்த்து, வகுப்பு ரத்து அறிவிப்பு, கைகூப்பிய படங்கள் எல்லாவற்றையும் தாண்டி மேலே மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். கிடைத்தாலும் "இதைப் பாருங்கள்" என்பதைத் தவிர அதில் வேறு குறிப்பு இருக்காது. எந்த வகுப்புக்கு? எத்தனை நிமிடம்? பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா? மறுபடி முழுவதும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழுவை விட்டுவிடச் சொல்லவில்லை. அங்கே வருவதில் நல்லதை மட்டும் எடுத்துப் பொதுத் தொகுப்பில் போட ஒருவரை நியமியுங்கள். எங்கள் பள்ளியில் மாதம் ஒருவர் முறை வைத்துச் செய்கிறோம்.

ஒரு கூகிள் ஷீட்டில் பட்டியல் போட்டால் ஆகாதா?

ஆகும். பதினைந்து பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், நூறு இணைப்புகள் என்ற அளவுக்கு ஷீட்டே நல்லது என்பேன். முகவரி, தலைப்பு, நிலை, நேரம், குறிப்பு என்று ஐந்து பத்தி போதும். புதிய கணக்கு வேண்டாம், யாருக்கும் பயிற்சி வேண்டாம்.

மூன்று சந்தர்ப்பங்களில் ஷீட் கைவிடும். முதலாவது, ஒரே இணைப்புக்குப் பல குறிச்சொற்கள் வேண்டும்போது. இரண்டாவது, பக்கத்துக்குள்ளேயே ஒரு வரியை வண்ணத்தால் தீட்டிக் காட்ட வேண்டும்போது. மூன்றாவது, பிள்ளைகளே சேர்க்கத் தொடங்கும்போது; யாராவது ஒருவன் ஒரு வரிசையை அழித்துவிடுவான், கணக்கில் நுழையாமல் திருத்த விட்டிருந்தால் எவன் என்று கடைசிவரை தெரியாது.

எந்தக் கருவியை எடுப்பது?

வேலையைப் பொறுத்தது.

டீகோ பழைய கருவி. இந்தத் துறையில் ஆசிரியர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவற்றில் ஒன்று. பக்கத்தில் வரியைத் தீட்டலாம், ஒட்டுக்குறிப்பு வைக்கலாம், குழு அமைக்கலாம். ஆசிரியர் கணக்கு எடுத்தால் பிள்ளைகளின் மின்னஞ்சல் இல்லாமலே அவர்களுக்குக் கணக்கு உருவாக்கலாம் என்பது பெரிய வசதி. முகப்பு கொஞ்சம் பழசாகத்தான் தெரியும்.

ஹைப்போதெசிஸ் ஓர் இலாப நோக்கற்ற அமைப்பு தொடங்கிய கருவி. இணைப்புகளைச் சேர்ப்பதை விட, ஒரு பக்கத்தின் ஓரத்தில் பலரும் குறிப்பு எழுதுவதற்கானது. இலக்கண வேலைக்கும் செய்யுள் வாசிப்புக்கும் இதற்கு இணையாக நான் வேறொன்றைப் பார்க்கவில்லை. பிடிஎஃப்பிலும் வேலை செய்யும். ஆனால் வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்ட பழைய நூலில் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது, அதனால் குறிக்கவும் முடியாது.

ரெயின்டிராப் தொகுப்புகளைப் படங்களோடு அழகாகக் காட்டும்; ஆசிரியர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளச் சிறப்பு. வேக்லெட், பேட்லெட் இரண்டும் பெற்றோருக்குக் காட்டுவதற்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஏற்றவை. அவற்றை புக்மார்க் கருவி என்பதை விட அறிவிப்புப் பலகை என்பதே சரி. கல்லூரி, ஆய்வு என்றால் சோட்டெரோ. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் பிறந்தது, இலவசம், குழுத் தொகுப்பு வைக்கலாம்.

இலவசக் கணக்குகளின் வரம்புகள் அடிக்கடி மாறும். தொடங்குமுன் கட்டணப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நாங்கள் உழைத்துச் சேர்த்தபின் அந்தக் கருவியையே மூடிவிட்டால்?

மூடுவார்கள். இந்தத் துறையின் வரலாறே அப்படித்தான்.

குறிச்சொல் போடுகிற பழக்கத்தை இணையத்தில் பரவலாக்கியது டெலீஷியஸ் என்ற தளம். ஜோஷுவா ஷாக்டர் 2003-இல் தொடங்கினார். 2005 டிசம்பரில் யாகூ வாங்கியது. 2010 கடைசியில் அதை மூடப்போகிறார்கள் என்ற செய்தி கசிந்ததும் ஆசிரியர்கள் உட்படப் பலரும் வேறு இடம் தேடி ஓடினார்கள். யூடியூபைத் தொடங்கியவர்களில் இருவரான சாட் ஹர்லியும் ஸ்டீவ் சென்னும் மறு வருடம் அதை வாங்கினார்கள். அப்புறம் இன்னும் சில கைகள் மாறி, 2017-இல் பின்போர்டு என்ற போட்டித் தளத்தை ஒற்றை ஆளாக நடத்திவந்த மாசே செக்வோவ்ஸ்கி 35,000 டாலருக்கு வாங்கி, புதிதாக எதுவும் சேர்க்க முடியாதபடி பூட்டினார். ஆய்வுக் கட்டுரைகளுக்கான சைட்யூலைக் 2019-இல் நின்றது. கூகிளின் சொந்த புக்மார்க் சேவை 2021-இல் போனது. மொஸில்லாவின் பாக்கெட் 2025 ஜூலையில் மூடப்பட்டது.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஏற்றுமதி வசதி. பெரும்பாலான கருவிகள் ஒரு எச்டிஎம்எல் கோப்பாகவோ (உலாவியில் திறப்பது) சிஎஸ்வி கோப்பாகவோ (அட்டவணையாகத் திறப்பது) எல்லாவற்றையும் தரும். அந்த எச்டிஎம்எல் கோப்பின் அமைப்பு நெட்ஸ்கேப் உலாவி காலத்தது. இன்றைக்கும் அநேகமாக எல்லாக் கருவிகளும் அதைப் புரிந்துகொள்ளும். பள்ளித் தவணை முடியும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எடுத்த கோப்பைத் திறந்து தமிழ் எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிஎஸ்வியை எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் குழம்பித் தெரியலாம். கூகிள் ஷீட்டில் இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று: தீட்டிய வரிகளும் ஒட்டுக்குறிப்புகளும் எச்டிஎம்எல் கோப்பில் எப்போதும் வருவதில்லை. அதைத் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

குறிச்சொற்களைத் தமிழில் போடுவதா, ஆங்கிலத்திலா?

ஆசிரியர்களின் தனித் தொகுப்பில் உங்களுக்கு எது வசதியோ அது. பிள்ளைகள் தொடும் தொகுப்பில் தமிழ் மட்டும். ஆங்கிலத்தில் போட அனுமதித்தால் முதல் வாரத்திலேயே எல்லாம் ஆங்கிலமாகிவிடும். அப்புறம் இந்த வேலையில் தமிழ் எங்கே இருக்கிறது?

தமிழில் குறிச்சொல் போட்டோம். ஆனால் தேடினால் பாதிதான் வருகிறது. ஏன்?

இதற்கு ஒரு காரணம் இல்லை, பல காரணங்கள் இருக்கின்றன. நாங்கள் ஒவ்வொன்றாக அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

முதலில் எழுத்துக்கூட்டல். நான் திருச்சிக்காரி, டொராண்டோ என்று எழுதுவேன். எனக்கு அடுத்த அறையில் பாடம் எடுக்கும் அக்கா யாழ்ப்பாணம். அவர் ரொறன்ரோ என்றுதான் எழுதுவார். நான் ஜூலை, அவர் யூலை. நான் ஜப்பான், அவர் யப்பான். எங்கள் இருவருக்கும் சரிதான், கருவிக்குத்தான் இவை வெவ்வேறு ஊர்கள், வெவ்வேறு மாதங்கள். முதல் வருடம் எங்கள் ஊரைப் பற்றிய இணைப்புகளே இரண்டு குறிச்சொற்களில் பிரிந்து கிடந்தன. எதை வைப்பது என்று விவாதித்து, இரண்டையும் வைப்பதென்று முடிவு செய்தோம். பிள்ளைகள் வீட்டில் கேட்பது ஒன்று, செய்தியில் பார்ப்பது ஒன்று, இரண்டும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது, ஒட்டு. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரங்கள்' வராது. ஆங்கிலத்தில் பன்மைக்குப் பின்னால் ஓர் எழுத்து கூடும், சொல்லின் முன்பகுதி பெரும்பாலும் அப்படியே நிற்கும். நம் மொழியில் 'மரம்' மரத்து என்று உருமாறித்தான் வேற்றுமை ஏற்கிறது. இந்தக் கருவிகள் எழுத்துகளை ஒப்பிடுகின்றனவே தவிரச் சொல்லின் வேர் அவற்றுக்குத் தெரியாது. அதனால் குறிச்சொல் எப்போதும் எழுவாய் வடிவில், ஒருமையில்: மரம், பறவை, விழா. வினையானால் தொழிற்பெயர்: சமைத்தல், ஓடுதல். தேடும்போது 'மர' என்று பாதியில் நிறுத்திப் பாருங்கள். பகுதிச் சொல்லைத் தேடித்தரும் கருவிகளில் அது உதவும்.

மூன்றாவது, இடைவெளியும் ஒற்றும். சில கருவிகளில் இடைவெளி விட்டால் இரண்டு குறிச்சொற்களாகிவிடும். 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டால் 'நாட்டுப்புறப்' என்று ஒற்றோடு ஒன்று அநாதையாக நிற்கும். சேர்த்து எழுதுங்கள்: நாட்டுப்புறப்பாடல். அப்படிச் சேர்க்கும்போது ஒற்று மிகுமா மிகாதா என்ற கேள்வி வரும், அதுவும் ஒரு பாடம். என் வகுப்பில் 'தமிழ்பாட்டு', 'தமிழ்ப்பாட்டு' இரண்டும் இருந்தன. எது சரி, ஏன் என்று அரை மணி நேரம் போனது. அட்டவணையில் இருந்த பாடம் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது, பரவாயில்லை.

நான்காவது கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்ற எழுத்தில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் (கணினிகள் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவாகப் பயன்படுத்தும் குறியீட்டு முறை) ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு கருவி அவற்றை ஒன்றாக்கிப் பார்க்காவிட்டால் 'பொங்கல்' வேறு, 'பொங்கல்' வேறு என்று காட்டும். பேய் பிடித்ததுபோல் இருக்கும்! இதைவிடச் சாதாரணமான பிழை, 'ஔவையார்' என்பதில் ஒற்றை எழுத்தான ஔவுக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டி 'ஒளவையார்' என்று எழுதுவது. பெரிய தளங்களிலும் இது இருக்கிறது. ஒரே பெயர் பட்டியலில் இரண்டு முறை வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

எத்தனை குறிச்சொற்கள் போடலாம்? எவை?

ஓர் இணைப்புக்கு நான்கு போதும். நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு இது: ஒன்று நிலை (நிலை1 முதல் நிலை5 வரை), ஒன்று பொருள் (உணவு, பள்ளி, மழை), ஒன்று பேச்சு அல்லது எழுத்து, ஒன்று வடிவம் (காணொளி, ஒலி, வாசிப்பு, விளையாட்டு).

இதில் மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். தமிழ் கற்பிக்கும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை: "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுத்தில் படித்த பிள்ளைக்கு "வந்துட்டிருக்காங்க" புதிய மொழி. இங்கே பாதி வீடுகளில் யாழ்ப்பாணப் பேச்சு, மீதியில் தமிழ்நாட்டுப் பேச்சு. அதனால் பேச்சு என்பதோடு ஈழம், தமிழகம் என்று இன்னொரு குறியும் சேர்த்துக்கொள்கிறோம். கதிரையும் நாற்காலியும், துவாயும் துண்டும் எங்கே கேட்கும் என்று பிள்ளைகள் தேடிப் பிடிப்பார்கள்.

குறிப்பு எழுதுவது அவசியமா? குறிச்சொல் போதாதா?

என்னைக் கேட்டால் குறிச்சொல் இல்லாவிட்டாலும் குறிப்பு வேண்டும். "நல்ல தளம்", "பயனுள்ளது" என்பதெல்லாம் குறிப்பு ஆகாது. எங்கள் தொகுப்பிலிருந்து ஒன்று:

"கரும்பு பற்றிய மூன்றாம் பத்தி மட்டும். 'அறுவடை', 'உழவர்' இரண்டும் வருகின்றன. முதல் பத்தி நிலை2-க்குக் கடினம், தவிர்க்கவும். வாசித்துப் பேச எட்டு நிமிடம்."

இதைப் பார்த்து இன்னொரு ஆசிரியர் நாளைக் காலையே வகுப்புக்குப் போகலாம். முதல் வருடம் நாங்கள் முந்நூறுக்கும் மேல் சேர்த்தோம், குறிப்பு இருந்தது முப்பதில்கூட இல்லை. மறு வருடம் உண்மையில் வகுப்பில் பயன்பட்டவை குறிப்பு இருந்தவைதான். மற்றதையெல்லாம் ஒரு பனிக்கால விடுமுறையில் உட்கார்ந்து அழித்தேன்.

காணொளியானால் எந்த நிமிடத்திலிருந்து என்று எழுதுங்கள். யூடியூபில் பகிர் பொத்தானை அழுத்தினால் தொடங்கும் நேரத்தைக் குறிக்கும் கட்டம் வரும். அதைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் அந்த இடத்திலிருந்தே ஓடும்.

பிள்ளைகளுக்கு இதை வைத்து என்ன வேலை கொடுக்கலாம்?

எனக்குப் பலன் தந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரே பக்கம், ஆளுக்கு மூன்று சொல். பொங்கல் பற்றிய ஒரு சிறு கட்டுரையை எல்லோரும் வாசிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்காமல் மூன்று குறிச்சொல் எழுத வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பலகையில் போடுவோம். பொங்கல், கரும்பு, விழா எல்லோரும் எழுதுவார்கள். ஒருத்தி 'நன்றி' என்று எழுதினாள். கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லை. சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்வதுதானே விழா என்றாள். அதற்குமேல் அந்த வகுப்பில் நான் பேச வேண்டியிருக்கவில்லை, அவர்களே பேசிக்கொண்டார்கள்.

எச்சம் வேட்டை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. பிபிசி தமிழில் ஒரு செய்தியைத் திறந்து, ஹைப்போதெசிஸில் பெயரெச்சங்களைத் தீட்டச் சொல்வேன். ஓரத்தில் அந்த எச்சம் எந்தப் பெயரைத் தழுவுகிறது என்று எழுத வேண்டும். செய்தித் தமிழில் வாக்கியம் நீளம், எச்சங்கள் அடுக்கடுக்காக வரும். இரண்டு பத்தி தாண்டக் கூடாது. முழுச் செய்தியையும் கொடுத்து ஒருமுறை எல்லோரையும் களைக்க வைத்துவிட்டேன்.

ஒரு நிகழ்வு, இரண்டு செய்தி. ஒரே மழையை ஒருவர் "கொட்டித் தீர்த்தது" என்கிறார், இன்னொருவர் "பதிவானது" என்கிறார். இரண்டையும் சேர்த்து, எது யாருக்காக எழுதியது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். இது பதின்மூன்று வயதுக்கு மேல்தான் எடுபடும்.

சிபாரிசு. தான் பார்த்த ஒன்றைத் தன்னைவிடச் சின்ன வகுப்புப் பிள்ளைக்குச் சிபாரிசு செய்து இரண்டு வரி. யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்துவிட்டால் எழுத்து மாறுவதைப் பார்க்கலாம். "தம்பி, இதில் பூனை பேசும், பயப்படாதே" என்று ஒருவன் எழுதியிருந்தான்.

தமிழில் தட்டச்சு தெரியாத பிள்ளைகள்?

தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் வாரத்துக்கு இரண்டு மணி நேர வகுப்பில் அதற்கு நேரம் கிடைப்பது கடினம். கைப்பேசியில் விரலால் எழுதும் முறையும் குரல்வழித் தட்டச்சும் தமிழுக்கு உண்டு. குரல்வழி எனக்குப் பிடிக்கும். 'பழம்' என்று சொல்ல நினைத்து 'பலம்' என்று சொன்னால் திரையில் பலம் என்று வந்து நிற்கும்! நான் திருத்தும்போது முகம் சுளிக்கிற பிள்ளைகள் கைப்பேசி திருத்தினால் சிரித்துக்கொண்டே பத்து முறை சொல்லிப் பார்க்கிறார்கள். சில நேரம் சரியாகச் சொன்னாலும் தவறாக வரும், அதையும் சொல்லிவிடுங்கள்.

முதலில் எந்தத் தளங்களைச் சேர்ப்பது?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக்கல்விப் பகுதி சிறு பிள்ளைகளுக்கு. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது அது. தமிழ் விக்கிப்பீடியாவும் விக்சனரியும் வேண்டும். விக்கிப்பீடியாவில் ஒரே பொருளின் ஆங்கிலக் கட்டுரைக்கு ஒரு சொடுக்கில் போய்வரலாம் என்பதால் ஒப்பிட்டு வாசிக்க வசதி. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம், 2005-இலிருந்து இயங்குகிறது. பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தால் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

ஒரு தளத்தின் முகப்புப் பக்கத்தைச் சேர்த்துவிட்டு முடிந்தது என்று விடாதீர்கள். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம்.

தமிழ் விக்கிப்பீடியா முகவரியை ஒட்டினால் மூன்று வரிக்குக் குப்பையாக வருகிறதே?

குப்பை இல்லை. முகவரியில் தமிழ் எழுத்துகள் சதவீதக் குறியோடு எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக மாற்றி எழுதப்படுகின்றன. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் அப்படி மாறும்போது 45 குறிகளாக நீளும். நடுவில் ஒன்று வெட்டுப்பட்டாலும் இணைப்பு வேலை செய்யாது. மின்னஞ்சலிலிருந்து எடுத்து ஒட்டும்போதுதான் இது அடிக்கடி நடக்கிறது. உலாவி நீட்சியின் (புக்மார்க் கருவியை உலாவியோடு இணைக்கும் சிறு நிரல்) பொத்தானை அழுத்தியே சேருங்கள்.

பழைய தமிழ்த் தளங்கள் சில எழுத்தே புரியாமல் தெரிகின்றன. சேர்க்கலாமா?

அவை யூனிகோடுக்கு முந்தியவை. திஸ்கி, டாப், டாம் போன்ற எழுத்துருக் குறியீடுகளில் ஏற்றப்பட்டவை. எழுத்துரு மாற்றிகளில் ஒட்டினால் படிக்கலாம். ஆனால் உங்கள் கருவி அவற்றைத் தேடித்தராது, பிள்ளைகளுக்கும் திறந்தவுடன் படிக்க வராது. அவ்வளவு அருமையான பாடம் என்றால் மட்டும் மாற்றி, தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த இணைப்புகள் செத்துப்போனால் என்ன செய்வது?

சாவது பரவாயில்லை, வேறு உயிர் எடுத்து வருவதுதான் ஆபத்து. சிறுவர் பாட்டுத் தளம் ஒன்றை நாங்கள் சேர்த்திருந்தோம். நடத்தியவர் அந்த முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். வேறு யாரோ வாங்கிச் சூதாட்டத் தளமாக்கிவிட்டார்கள். பெரிய திரையில், பத்துப் பிள்ளைகள் முன்னால், நிலா நிலா ஓடி வா என்று எதிர்பார்த்துத் திறந்தேன். சீட்டுக்கட்டும் சுழலும் சக்கரமும் வந்தன. திரையை அணைக்கும் பொத்தான் எங்கே என்று தேடியது இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கங்கள். வகுப்புக்கு முந்தைய இரவு எல்லா இணைப்பையும் ஒருமுறை திறந்து பார்ப்பது ஒன்று. முக்கியமான பக்கத்தை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த முகவரியையும் குறிப்பில் போட்டுவைப்பது மற்றது. காணொளிகளுக்கு இது பெரும்பாலும் உதவாது.

பிள்ளைகளின் பெயர் வெளியே தெரியுமா?

அமைப்பைப் பார்க்காமல் விட்டால் தெரியலாம். பல கருவிகளுக்கு 13 வயது வரம்பு உண்டு. அமெரிக்காவில் அதற்குக் கீழுள்ள பிள்ளைகளின் தகவலைச் சேர்க்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு 13-இலிருந்து 16 வரை மாறும். சின்னப் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கே வேண்டாம். வகுப்புக்கு ஒரு கணக்கு, ஆசிரியர் கையில். பிள்ளை சொல்ல ஆசிரியர் ஏற்றலாம். பெரிய பிள்ளைகளுக்குப் புனைபெயர். நாங்கள் பூக்களின் பெயர் வைத்தோம். பையன்கள் முனகியதால் அடுத்த வருடம் பறவைகள். குழுவை மூடிய குழுவாக வையுங்கள். ஹைப்போதெசிஸில் குறிப்பு எழுதும்போது மேலே 'பொது' என்று இருக்கிறதா, உங்கள் குழுவின் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கப் பழக்குங்கள்.

மற்றவர் தளத்தைச் சேர்ப்பது காப்புரிமைச் சிக்கல் ஆகாதா?

இணைப்பைக் கொடுப்பதும் உள்ளடக்கத்தைப் பிரதி எடுத்து ஏற்றுவதும் வேறு வேறு. முகவரி, உங்கள் குறிப்பு, ஒரு சிறு மேற்கோள் அளவில் நின்றுகொள்ளுங்கள். முழுக் கதையையும் குறிப்புக் கட்டத்தில் ஒட்டாதீர்கள். யாரோ அனுமதியில்லாமல் ஏற்றிவைத்த பாடநூல் பிடிஎஃப்பையும் சேர்க்காதீர்கள்.

மதிப்பெண் போடலாமா?

எண்ணிக்கைக்குப் போடாதீர்கள். ஒருமுறை "அதிகம் சேர்த்தவருக்குப் பரிசு" என்று சொல்லிவிட்டேன். ஒரு பையன் ஒரே இரவில் எழுபது சேர்த்தான், எல்லாம் யூடியூபின் பக்கவாட்டுப் பட்டியலில் வந்தவை. பரிசைக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. இப்போது தவணைக்கு மூன்று குறிப்பு மட்டும் பார்க்கிறேன். எந்த மூன்று என்பதைப் பிள்ளைதான் தேர்ந்தெடுக்கும்.

ஏஐயிடம் கேட்டால் பாடமே எழுதித் தருகிறதே. இன்னும் இணைப்பு சேர்ப்பது எதற்கு?

பயிற்சித்தாள் வேண்டுமானால் நானும் கேட்பதுண்டு. ஆனால் ஒரு கடைப் பலகை, ஒரு பாட்டியின் சமையல் காணொளி, இன்றைய செய்தி இவையெல்லாம் யாரோ ஒரு தமிழர் இன்னொரு தமிழருக்காகச் செய்தவை. பிள்ளைகள் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். குறிப்பையும் ஏஐயிடம் எழுதி வாங்கி ஒட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்பது வயதுக்காரர் "இக்காணொளி மிகவும் பயனுள்ளதாக அமைந்துள்ளது" என்று எழுதினால் நமக்குத் தெரியாதா? திட்டுவதில்லை. "அமைந்துள்ளது என்றால் என்ன, சொல்லு பார்ப்போம்" என்று கேட்பேன்.

பெற்றோரையும் சேர்க்கலாமா?

பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். திருத்தும் அனுமதி கொடுத்தால் வாட்ஸ்அப் குழுவே இங்கே குடிவந்துவிடும். தாத்தா பாட்டிகளுக்கு மட்டும் நாங்கள் விதிவிலக்கு வைத்திருக்கிறோம். ஒரு பிள்ளையின் அம்மம்மா பனங்கிழங்கு அவிக்கும் காணொளி ஒன்றுக்குக் கீழே, அது எப்படித் தவறு என்று பேத்தியைத் தட்டச்சு செய்ய வைத்துப் பதினோரு வரி எழுதியிருந்தார். அதில் எனக்கே தெரியாத நான்கு சொற்கள் இருந்தன. நான்கையும் குறிச்சொல்லாக்கிவிட்டோம்.